வீட்டுச் சுவரில் ரயில் நேரப் பலகை: அது எதைக் காட்டும், எதைக் காட்டாது

சுவரில் ஒரு சின்னத் திரை. அடுத்த ரயில் எத்தனை மணிக்கு, எங்கே போகிறது, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று புகையிரத நிலையத்தில் இருப்பதுபோலவே காட்டிக்கொண்டிருக்கும். லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இதைப் பார்த்தவர்கள், மட்டக்களப்பிலும் ஒன்று செய்யலாமா என்று கேட்பதுண்டு. தாராளமாகச் செய்யலாம், செலவும் பெரிதில்லை. ஆனால் "அத மாட்டினா கோச்சி இப்ப எங்க நிற்குதெண்டு காட்டும்" என்று சொல்வார்களே, அது பிழை. திரைக்கு ரயிலைப் பற்றி எதுவும் தெரியாது. யாரோ கொடுத்த ஓர் எண்ணை அது காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிவிட்டால் மிச்சமெல்லாம் வயர் வேலையும் கொஞ்சம் பொறுமையும்தான்.

மூன்று விதமான நேரம்

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் மாப்பிள்ளை வீட்டார் காலை 10:15க்கு வருவார்கள் என்று அச்சடித்திருக்கிறது. அன்று காலை வேனில் இருந்து ஒருவர் போன் எடுத்து, "மச்சான், இப்பதான் ஏறாவூர் தாண்டுறம்" என்கிறார். அதைக் கேட்ட பெண் வீட்டார் ஒருவர் மனக்கணக்குப் போட்டு, "அப்ப 10:40 ஆகும்" என்று பந்தலில் சொல்கிறார்.

அழைப்பிதழில் இருப்பது அட்டவணை நேரம். அது முன்கூட்டியே எழுதப்பட்டது, அன்று என்ன நடந்தாலும் மாறாது. போனில் வந்தது நேரலைத் தகவல். வண்டி இந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. பந்தலில் சொன்னது கணிப்பு நேரம். முதல் இரண்டையும் சேர்த்து ஒருவர் போட்ட கணக்கு அது. வழியில் ரயர் காற்றுப் போனால் அழைப்பிதழ் அப்படியே இருக்கும், கணிப்பு மட்டும் பிழைத்துப்போகும்.

வெளிநாட்டு நிலையங்களின் பலகையில் "3 நிமிடம்" என்று வருவது பெரும்பாலும் கணிப்பு நேரம். அதே வடிவத்தில், அதே மஞ்சள் எழுத்தில் நீங்கள் வீட்டில் அட்டவணையை மட்டும் போட்டாலும் "3 நிமிடம்" என்றுதான் வரும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே எந்தப் பலகை செய்தாலும் நேரத்துக்குப் பக்கத்தில் "அட்டவணை" அல்லது "நேரலை" என்று ஒரு சொல்லைக் கட்டாயம் போடுங்கள். இதை அலங்காரமாக நினைக்க வேண்டாம். அந்தச் சொல் இல்லாத பலகையை நம்பி வயதான ஒருவரை நிலையத்தில் மணிக்கணக்காக உட்காரவைக்கக்கூடாது.

சுருக்கமாக: அட்டவணை எழுதப்பட்டது, நேரலை அளக்கப்பட்டது, கணிப்பு கணக்கிடப்பட்டது.

நேரலை எங்கிருந்து வருகிறது

ரயில் இருக்கும் இடத்தை அறிய இரண்டு வழிகள் பரவலாக உண்டு. ஒன்று தடச்சுற்று. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மெல்லிய மின்னோட்டம் விடுவார்கள். ரயிலின் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்ததும் அந்தத் துண்டின் நிலை மாறும், "இங்கே ரயில் இருக்கிறது" என்று சமிக்ஞை அறைக்குத் தெரியும். மற்றது வண்டியிலேயே பொருத்திய ஜிபிஎஸ் கருவி. எதுவானாலும் அந்தத் தகவல் ஒரு மையக் கணினிக்குப் போக வேண்டும், அந்தக் கணினி அதை வெளியாருக்கும் திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்துவிடும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். உங்கள் திரை அந்த வாசலில் போய்க் கேட்கும், பதில் வரும், திரையில் எழுதும்.

பிரித்தானியாவில் டார்வின் என்ற அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. பதிவு செய்து ஒரு சாவி, அதாவது நீண்ட எழுத்துத்தொடர் ஒன்றை, வாங்கினால் வீட்டுப் பலகைக்கும் தகவல் எடுக்கலாம். சுவிட்சர்லாந்திலும் திறந்த போக்குவரத்துத் தரவுத் தளம் ஒன்று இருக்கிறது. லண்டனில் உள்ள உங்கள் மருமகனின் பலகை நேரலை காட்டுவதற்குக் காரணம் இதுதான். அவர் வாங்கிய திரை ஏதோ விசேஷமானது என்று நினைக்க வேண்டாம். அதே திரையை இங்கே கொண்டுவந்து மாட்டினால் அது வெறும் பலகை.

நம் பாதைக்கு அப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி உத்தியோகபூர்வ நேரலைத் தரவு வெளியிடப்படுவதில்லை. புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அட்டவணையைத் தேடிப் பார்க்கலாம். எனவே மட்டக்களப்பில் வீட்டுப் பலகை என்றால் அது அட்டவணைப் பலகை. ஒரு நாளைக்குக் கைவிரலில் எண்ணக்கூடிய ரயில்களே இங்கிருந்து புறப்படுவதால் அதுவும் நல்ல பயன்தான்.

"சரி, ஏறாவூரில இருந்து ஒருத்தர் சொன்னா நாங்களே கணிப்புப் போடலாமே" என்று தோன்றும். வாழைச்சேனை, ஏறாவூர் அளவுக்கு வந்துவிட்ட ரயிலுக்கு அது ஓரளவு சரிவரும். தூரத்தில் இருக்கும் ரயிலுக்குச் சரிவராது. மாகோவில் பிரிந்து, கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையை விட்டு விலகி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனாணை வழியாக இங்கே வரும் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட ஏதாவது ஒரு நிலையத்தின் கிளைத் தடத்தில் காத்திருக்க வேண்டும். ஒரு ரயில் பத்து நிமிடம் பிந்தினால் வழிவிடும் நிலையமே மாறிவிடலாம், அப்போது பத்து நிமிடம் பத்தாகவே நிற்காது. இரவில் யானைகள் கடக்கும் காட்டுப் பகுதிகளில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள், அது அவசியமும்கூட. ஆகையால் பொலன்னறுவையில் 20 நிமிடம் தாமதம் என்றால் மட்டக்களப்பிலும் 20 நிமிடம் என்று திரையில் எழுதிவிடக் கூடாது.

அட்டவணையைக் கணினிக்குச் சொல்வது

உலகெங்கும் போக்குவரத்து அட்டவணைகளை எழுதப் பயன்படும் பொது வடிவம் ஜிடிஎஃப்எஸ். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005ஆம் ஆண்டளவில் தொடங்கிய வேலை அது. உள்ளே இருப்பவை சாதாரண அட்டவணைக் கோப்புகள்தான்: நிலையங்கள், பாதைகள், ஓட்டங்கள், ஒவ்வோர் ஓட்டமும் ஒவ்வொரு நிலையத்தில் நிற்கும் நேரம், எந்தக் கிழமைகளில் ஓடும் என்ற நாட்காட்டி. உங்களுக்கு முழுவதும் தேவையில்லை. ஆனால் அதில் உள்ள இரண்டு பழக்கங்களைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நாட்காட்டியை நேரத்திலிருந்து பிரித்து வைப்பது. உதயதேவி, புலத்திசி போன்ற ஒவ்வொரு ரயிலுக்கும் புறப்படும் நேரத்தோடு அது ஓடும் கிழமைகளை எழுதுங்கள். அதற்கு மேல் "விலக்கு நாட்கள்" என்று தனிப் பட்டியல் வையுங்கள். போயா, புத்தாண்டு, பாதைத் திருத்தம் என்று ஏதாவது வந்தால் அந்தத் திகதியை அங்கே சேர்த்தால் போதும், மூலப் பட்டியலில் கைவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நள்ளிரவைத் தாண்டும் ரயில்களை எழுதும் விதம். வீட்டுப் பலகைகளில் அதிகம் பிழைப்பது இதுதான். கொழும்பில் மாலை 19:00க்குப் புறப்பட்டு மறுநாள் அதிகாலை 4:10க்கு மட்டக்களப்பு வரும் ஒரு ரயிலை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம் (இங்கே வரும் நேரங்கள் கணக்குக் காட்டவே, உண்மை அட்டவணை அல்ல). ஜிடிஎஃப்எஸ் முறையில் அதன் வருகை நேரத்தை 28:10 என்று எழுத வேண்டும். புறப்பட்ட நாளின் கடிகாரமே 24ஐத் தாண்டி ஓடுகிறது என்று பொருள்.

ஏன் இப்படி? அந்த ரயில் ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி மாலை புறப்பட்ட வண்டி ஞாயிறு அதிகாலை இங்கே வந்து சேரும். நேரத்தை வெறுமனே 4:10 என்று எழுதியிருந்தால் பலகை "இன்று ஞாயிறு, இந்த ரயில் இல்லை" என்று அதை மறைத்துவிடும். கூட்டிவரப் போக வேண்டியவர் வீட்டில் தூங்குவார். ஞாயிறு புறப்படாத அதே வண்டியைத் திங்கள் அதிகாலை வருவதாகவும் காட்டும். 28:10 என்று எழுதினால் கணக்கு இப்படிப் போகும்: பலகை இன்றைய ஓட்டங்களையும் பார்க்கும், நேற்றைய ஓட்டங்களில் 24 மணியைத் தாண்டியவற்றையும் பார்க்கும். இரண்டையும் சேர்த்துத்தான் பட்டியல் போடும்.

நேரங்களை எழுத்தாக வைக்காமல் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று மாற்றி வையுங்கள். 6:05 என்பது 365. 28:10 என்பது 1690. எழுத்தாகவே வைத்து வரிசைப்படுத்தினால் "9:05" என்பது "18:00"க்குப் பின்னால் போய் நிற்கும், ஏனென்றால் கணினி முதல் எழுத்தான 9ஐயும் 1ஐயும்தான் ஒப்பிடுகிறது.

சுருக்கமாக: ஓடும் நாள் தனி, நேரம் தனி, விலக்கு தனி. நள்ளிரவைத் தாண்டினால் 24ஐக் கூட்டு. எல்லாம் நிமிடத்தில்.

எந்தத் திரை

முதல் பலகைக்குப் பழைய அண்ட்ரொய்ட் போன் அல்லது டெப் போதும். கடையில் எதையும் தேடி அலையாமல், தமிழ் எழுத்தோடும் மல்லுக்கட்டாமல், ஓர் ஓய்வு நாளில் முடித்துவிடலாம். ஒரே ஒரு இணையப்பக்கக் கோப்பு எழுதி, ரயில் பட்டியலையும் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். 15 செக்கனுக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த மூன்று புறப்பாடுகளைக் காட்டினால் சரி. பட்டியல் உள்ளேயே இருப்பதால் வை-ஃபை இல்லாவிட்டாலும் ஓடும். திரை அணையாமல் இருக்க, செட்டிங்ஸில் போனின் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் சார்ஜ் ஏறும்போது திரையை விழித்திருக்க வைக்கும் தெரிவு இருக்கிறது.

போனில் கவனிக்க வேண்டியது பற்றரி. இருபத்துநான்கு மணித்தியாலமும் சார்ஜரில் கிடக்கும் பழைய பற்றரி, அதுவும் நம் வெயிலில், நாளடைவில் ஊதும். சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்தும் வசதி போனில் இருந்தால் போட்டுவிடுங்கள். மேற்குப் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம், பின்புறம் காற்றோட்டம் இருக்கட்டும். மூடியும் திரையும் சற்று விலகித் தெரிந்தால் அன்றே கழற்றிவிட வேண்டும்.

உண்மையான புள்ளி விளக்குப் பலகைதான் வேண்டும் என்றால், ஈஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையும், மேக்ஸ்7219 சில்லு பொருத்திய நான்கு கட்ட எல்ஈடி வரிசையும் வாங்கலாம். அதில் 8 வரி உயரம், 32 நிரல் அகலம் புள்ளிகள் இருக்கும். எல்ஈடி வரிசையின் தரவு வயரை (DIN) ஈஎஸ்பி32இன் 23ஆம் காலிலும் (பின்), துடிப்பு வயரை (CLK) 18லும், தெரிவு வயரை (CS) 5லும் இணைப்பது வழக்கம். மின்சாரத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். எல்லாப் புள்ளியும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் நான்கு கட்டமும் சேர்ந்து ஓர் அம்பியருக்கு மேல் இழுக்கும். மடிக்கணினியின் யூஎஸ்பி துளை அதைத் தாங்காது. 5 வோல்ட், 2 அம்பியர் சார்ஜர் போடுங்கள், வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறையுங்கள். திரை திடீரென்று கோணல்மாணலான புள்ளிகளைக் காட்டினால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: மின்சாரம் போதவில்லை, அல்லது வயர் நீளம். ஈஎஸ்பி32 கொடுப்பது 3.3 வோல்ட் சமிக்ஞை, 5 வோல்ட்டில் ஓடும் அந்தச் சில்லு எதிர்பார்ப்பதோ குறைந்தது 3.5. குட்டை வயரில் எப்படியோ ஓடிவிடும், நீள வயரில் தடுமாறும். 74எச்சிடி125 என்ற சில்லை நடுவில் போட்டால் சமிக்ஞை 5 வோல்ட்டுக்கு உயரும், பிரச்சினை தீரும்.

மின்தாள் (இ-பேப்பர்) திரை மூன்றாவது வழி. 7.5 அங்குலத்தில் 800க்கு 480 புள்ளி கொண்டது கிடைக்கிறது. பகல் வெளிச்சத்தில் அச்சடித்த தாள்போல் அழகாக இருக்கும், கண்ணை உறுத்தாது. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. கரண்ட் போனாலும் அதில் கடைசியாக எழுதியது அழியாது. காலை ஏழுக்குக் கரண்ட் போனால் பத்து மணிக்கும் ஏழு மணிப் பட்டியலைத்தான் காட்டிக்கொண்டு நிற்கும். மின்தாளில் செய்வதானால் கீழ் மூலையில் "கடைசியாகப் புதுப்பித்த நேரம்" கட்டாயம் வர வேண்டும்.

தமிழ் எழுத்து ஏன் உடைகிறது

ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் சொல் வந்துவிடும். தமிழில் அப்படி இல்லை. "கொழும்பு" என்பதில் ஒகரக் குறி க-வின் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். "மட்டக்களப்பு" முடியும் இடத்தில் ப-வும் உகரமும் சேர்ந்து பு என்ற ஒரே வடிவமாக வேண்டும். இந்தச் சேர்க்கையைச் செய்வது எழுத்துரு அமைப்பி என்ற மென்பொருள். போனிலும் கணினியிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. சின்னக் கட்டுப்பாட்டுப் பலகைகளின் வழக்கமான வரைகலை நூலகங்களில், அதாவது படம் வரைய உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகளில், அது இல்லை. அதனால்தான் வெற்றுக் கட்டங்களோ, இடம்மாறிய கொம்போ, தனியே விழுந்த புள்ளியோ திரையில் வருகின்றன. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் இது சரியாகாது.

எளிய தீர்வு, ஊர்ப் பெயர்களைக் கணினியில் படமாக மாற்றி அந்தப் படங்களை ஈஎஸ்பி32க்குள் ஏற்றுவது. நம் பாதைக்குத் தேவைப்படும் பெயர்கள் சிலவே என்பதால் இது சுலபம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் பைதன் மொழியில் படம் வரைபவர்கள் பில்லோ நூலகத்தோடு ராக்ம் என்ற துணை நூலகமும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வரைந்தால் அங்கேயும் எழுத்து உடையும்.

8 புள்ளி உயரத்தில் தமிழ் வாசிக்க முடியாது. குறைந்தது 16 வேண்டும், வசதியாக வாசிக்க 24. நான்கு கட்ட எல்ஈடி வரிசையில் எண்களை மட்டும் ஓடவிட்டு, "கொழும்பு கோட்டை" என்பதைப் பக்கத்தில் நல்ல பெயின்ற்றால் எழுதிவிடுவதே அழகு. மட்டக்களப்பு பாதையின் முடிவு நிலையம், புறப்படும் ரயில் எல்லாம் ஒரே பக்கம்தான் போகும்.

கடிகாரம்தான் உயிர்

அட்டவணைப் பலகையில் பிழைக்கக்கூடிய மிக முக்கியமான பாகம் கடிகாரம். பட்டியல் எவ்வளவு சரியாக இருந்தாலும் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தினால் ரயில் போய்விடும்.

ஈஎஸ்பி32 இணையத்திலிருந்து நேரம் எடுக்கும். அதற்கு நேர வலயத்தைச் சொல்லும்போது இலங்கைக்கு <+0530>-5:30 என்று எழுத வேண்டும். இரண்டாவது பகுதியில் கழித்தல் குறி வருவதைப் பார்த்துப் பலர் "நாம் கூட்டல்தானே" என்று திருத்திவிடுகிறார்கள். அந்த எழுத்துமுறையில் குறி தலைகீழ். திருத்தினால் பலகை சரியாக 11 மணித்தியாலம் பின்னால் ஓடும். பலகை 11 மணித்தியாலம் பிழைத்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான்.

கரண்ட் வந்தும் ரவுட்டர் எழும்பாத நேரங்களுக்காக, டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லைச் சேருங்கள். வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவே பிழைக்கும், நாணய வடிவப் பற்றரியில் தானாக ஓடும். இணையம் கிடைக்கும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொள்ள நிரலில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் மலிவான டிஎஸ்3231 பலகைகள் பலவற்றில் பற்றரியைச் சார்ஜ் செய்யும் சுற்று ஒன்று சேர்ந்தே வருகிறது. அதில் சாதாரண சிஆர்2032 பற்றரியைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஏறக்கூடாத பற்றரிக்குச் சார்ஜ் ஏறும். ஊதலாம், கசியலாம். 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள், அல்லது அந்தச் சுற்றின் டயோட்டைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது

அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதை இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறையில் இருப்பவர்களுக்கு ரயில் என்றால் பெரும்பாலும் மட்டக்களப்பு நிலையம்தான். அவர்கள் வீட்டுப் பலகையில் ரயில் புறப்படும் நேரத்தைப் பெரிதாகப் போடுவதில் அர்த்தமில்லை. பெரிய எழுத்தில் வர வேண்டியது வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்.

கணக்கு சுலபம். ரயில் 6:10 என்று வையுங்கள். நிலையத்தில் ரிக்கெற் எடுக்கவும் இடம் பிடிக்கவும் 20 நிமிடம். கல்முனையிலிருந்து பஸ்ஸுக்கு 75 நிமிடம், பஸ் தரிப்பிடம் வரை நடக்க 10. மொத்தம் 105. 370இலிருந்து 105 போனால் 265, அதாவது 4:25. பலகையில் "கிளம்பு 4:25" என்று பெரிதாகவும் "ரயில் 6:10, அட்டவணை" என்று கீழே சிறிதாகவும் போடுங்கள். அந்த நேரத்துக்கு பஸ் ஓடாவிட்டால் அந்த ரயிலுக்கு மட்டும் ஓட்டோ நேரத்தைத் தனியாகக் கொடுங்கள். எல்லா ரயிலுக்கும் ஒரே பயண நேரம் போடுவது சோம்பல். விடியற்காலையும் பாடசாலை விடும் நேரமும் ஒன்றல்ல.

பிழைத்தால் முதலில் பார்க்க வேண்டியவை

வை-ஃபை பெயர் பட்டியலில் வரவே இல்லையென்றால் ரவுட்டரைப் பாருங்கள். வழக்கமான ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 தெரியாது. சில மாதம் நன்றாக ஓடிவிட்டு இடையிடையே நிற்கிறதா? செருகும் வயர்களைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடற்காற்றில் பச்சையாகப் பூத்திருக்கும். நிரந்தரமாக மாட்டப்போகும் பலகையில் எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து ஒட்டிவிடுவதே நல்லது.

வெளிநாட்டில் நேரலையோடு செய்பவர்களுக்கு: 30 முதல் 60 செக்கனுக்கு ஒருமுறை கேட்டால் போதும், அதைவிட அடிக்கடி கேட்டால் தரவு தருபவர்கள் உங்கள் சாவியை முடக்கிவிடக்கூடும். பதில் வராதபோது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். இரண்டு நிமிடம் பதில் இல்லையென்றால் "நேரலை" என்ற சொல் தானாக "அட்டவணை" ஆக மாறும்படி எழுதுங்கள்.

கடைசியாக, பட்டியலுக்கே ஒரு காலாவதித் திகதி கொடுங்கள். அட்டவணையைச் சரிபார்த்த நாளை அந்தக் கோப்பில் எழுதி, மூன்று மாதம் கடந்ததும் பலகையின் ஓரத்தில் "நிலையத்தில் கேட்டுச் சரிபார்க்கவும்" என்று வரும்படி செய்யுங்கள். நேரம் மாறிய அறிவித்தல் நிலையப் பலகையில் ஒட்டப்படும். அந்தப் பக்கம் போகும் யாராவது போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால், அன்றிரவே நான்கு எண்களை மாற்றிவிடலாம்.